வெள்ளையடிச்ச பாதை

உள்ள வா தாயி. செருப்போடயே வா, ஒண்ணும் இல்ல. அந்தச் சேர்ல உக்காரு, இதுல ஒரு காலு ஆடும். செவந்தி, டிவி சத்தத்தைக் கொறை. அமத்தாத, கொறைச்சு மட்டும் வையி. இந்தப் பிள்ளையும் அந்த மூஞ்சியைப் பாக்கட்டும்.

பாத்தியா? மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு நடுவுல உக்காந்திருக்கான்ல, அவன்தான். அவன்தான் அப்ப எங்க கர்னல். பேரு கீழ ஓடுது, நீயே படிச்சுக்க. என் வாயால சொன்னா எனக்கு இன்னைக்குச் சோறு எறங்காது. ஜெனரலா ரிட்டையர்டு ஆயிட்டான். எல்லையில எங்கயாவது நாலு பேரு செத்தாப் போதும், இவனைக் கூப்பிட்டு உக்கார வச்சிருவாய்ங்க. என்ன சொல்றான் தெரியுமா? முன்கூட்டியே கணிச்சிருக்கணுமாம். யாரு சொல்றதுன்னு பாரு. எனக்கு இந்தி நல்லாத் தெரியும், அதனால கேட்டுக் கேட்டு வயிறு எரியுது. எதுக்கு மாமா பாக்குறீக, பாத்துட்டு எதுக்குக் கத்துறீகன்னு என் மருமக இந்தச் செவந்தி கேக்கும். பாக்காம எப்படி இருக்குறது.

டீ குடி. சீனி கூட வேணும்னா சொல்லு.

நெத்தி அப்படியே உங்கப்பாதான் உனக்கு. போன்ல, கேப்டன் ஞானதுரை மக பெனிட்டா பேசுறேன்னியே, நான் எந்திரிச்சு நின்னுட்டேன். நீ அப்ப வயித்துல இருந்த. பொம்பளப் பிள்ளைதான், பேரு பெனிட்டாதான்னு அந்த மலையில உக்காந்துக்கிட்டு அவரு முடிவு பண்ணி வச்சிருந்தாரு. ஆம்பளையாப் பொறந்தா என்ன பண்ணுவீக சாப்புன்னு கேட்டேன். அதெல்லாம் பொறக்காதுன்னாரு. ஆளுக முன்னாடி என்னைய சூபேதார் சாப்புன்னு கூப்பிடுவாரு. தனியா இருந்தா அண்ணாச்சிம்பாரு. உங்க நாகர்கோயில் பேச்சு அவருக்குக் கடைசி வரைக்கும் போகல.

உன் போனுல பதிவு பண்ணிக்கன்னேன்ல, போட்டுட்டியா? போடு. ஒரு வார்த்தை விடாம வக்கீலுக்குக் கேக்கட்டும். உங்கப்பா கேசுக்கு அடுத்த மாசம் கோர்ட்டுக்கு வரணும்ன. வர்றேன். அதுல ரெண்டாவது பேச்சு கெடையாது. அந்த எல்லைப் போஸ்ட்டுல இருந்தவன்ல உனக்கு ஆப்பிட்டவன் நான் ஒருத்தன்தான், மத்தவன்ல பாதி செத்துப் போனான், பாதி எங்க இருக்கான்னு தெரியல. பதினோரு பேரு செத்தோம். செத்தோம்னு சொல்றேன் பாரு, அப்படித்தான் வருது. ரெஜிமெண்டுல நட்டு வச்ச கல்லுல பத்துப் பேரு பேருதான் இருக்கு. உங்கப்பா பேரு இல்ல. கம்பெனி கமாண்டரின் கவனக்குறைவே காரணம்னு எழுதி மூடிட்டாய்ங்க. முன்னாடி நின்னு செத்த மனுசன் மேல. உங்கம்மா துக்கம் கேக்கப் போனப்ப, செத்த பையன் ஒருத்தன் வீட்டுல தாய்க்காரி கதவைச் சாத்துச்சாமே, எம்பிள்ளையைக் கொன்னவன் பொண்டாட்டி எதுக்கு வந்தன்னு. அதை நீ சொன்னப்ப எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. அந்தக் கதவு யாருக்குச் சாத்தியிருக்கணும்? இந்தா, இந்த மீசைக்குச் சாத்தியிருக்கணும்.

மேல இருந்தே வர்றேன். அப்பத்தான் உனக்கு விளங்கும்.

அப்ப மேல வேற ஒரு ஜெனரல். அவருக்குக் கீழ பிரிகேடியரு. அவருக்குக் கீழ நம்ம கர்னலு. கர்னலுக்குக் கீழ, மலை உச்சியில எங்க போஸ்ட்டுல, கம்பெனி கமாண்டரா உங்கப்பா. அவருக்குக் கீழ நான். இதுபோக உளவு பாக்குறதுக்குன்னு ஒரு மேஜரு தனியா. இம்புட்டுப் பேருக்கும் கண்ணு இருக்கு, காது இருக்கு. அந்த வருசம் எல்லைக்கு அங்கிட்டு கோவேறு கழுதையாக் கொண்டாந்து இறக்குறாய்ங்க. பாரம் ஏத்துன கழுதை வரிசை வரிசையாப் போகுது. கீழ பள்ளத்தாக்குல ஆடு மேய்க்கிறவக கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாக. அந்த மேஜரும் கேட்டுக்கிட்டான். எழுதி பிரிகேடியருக்கு அனுப்பவும் செஞ்சான். அவரு என்ன பண்ணாரு? படிச்சுட்டு ஓரமா வச்சிட்டாரு.

ஏன் வச்சாரு? ஜெனரலு வர்றாரு. அந்த வாரம் எங்க போஸ்ட்டைப் பாக்க ஜெனரலு ஹெலிகாப்டர்ல வர்றாரு. எதிரி நடமாட்டம் இருக்குன்னு பிரிகேடியரு மேல சொன்னா வரவு ரத்தாயிரும். ரத்தானா பிரமோசன் என்னாகுறது? அவரோட பிரமோசன் ஒரு பக்கம், கர்னலோட பிரமோசன் ஒரு பக்கம். ரெண்டு பேரும் மாப்பிள்ளை அழைப்புக்கு நிக்கிற மாதிரி நின்னாய்ங்க. எதிரி எப்ப வருவான்னு ஒருத்தனும் யோசிக்கல. ஜெனரலு எத்தனை மணிக்கு எறங்குவாரு, பக்கோடா சூடா இருக்குமா, இதுதான் யோசனை.

எங்க போஸ்ட்டைச் சொல்லணும். உச்சியில நாங்க. சுத்திச் சரிவு பூராவும் கண்ணிவெடி பொதைச்சிருக்கோம். கீழ ஹெலிகாப்டர் எறங்குற சமதளம், அதை ஒட்டி ஓடை. அந்தச் சமதளத்துல இருந்து மேல ஏற ஒரே ஒரு பாதை, கண்ணிவெடிக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு வரும். ஒரு அடி தப்புனா ஆளு இல்ல. பாதை எங்களுக்கு மட்டும்தான் தெரியும். புது ஆளு வந்தா எங்காளு ஒருத்தன் முன்னாடி நடப்பான், அவன் கால் வச்ச எடத்துல இவன் கால் வைக்கணும். அதான் ஏற்பாடு. அதுல ஒரு கொறையும் வந்ததில்ல.

கர்னலுக்கு அது பத்தல. ஜெனரலு அடுத்தவன் குதிங்காலைப் பாத்துக்கிட்டா நடப்பாரு, நல்லாவா இருக்கும்னான். ரெண்டு பக்கமும் கல்லு அடுக்கி வெள்ளையடிக்கணும்னான். பட்டாளத்துல பெரிய ஆளு வந்தா கல்லுக்கு வெள்ளையடிக்கிறது ஒரு சம்பிரதாயம் தாயி. நீ எந்தக் கண்டோன்மெண்டுக்கு வேணும்னாலும் போயிப் பாரு. சமதளத்துல சரி. எல்லையில, கண்ணிவெடிக்கு நடுவுல, பாதைக்கு வெள்ளையடிப்பானா ஒருத்தன்? புத்தி இருக்கிறவன் சொல்லுவானா? இவன் சொன்னான். அந்தா உக்காந்து கணிப்பைப் பத்திப் பேசுறானே, இவன்தான் சொன்னான்.

உங்கப்பா முடியாதுன்னுட்டாரு. போன்ல கர்னல்கிட்டயே சொன்னாரு, நான் பக்கத்துல நிக்கிறேன். சார், அது எதிரிக்கு வழி காட்டுற மாதிரி ஆயிரும்னாரு. போனை வச்சிட்டு எங்கிட்டத் திரும்பி, அண்ணாச்சி, சுண்ணாம்பு மூடையைத் தொட வேண்டாம் கேட்டியளா, ஜெனரலை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாறேன்னாரு. ஆம்பள. அந்த வயசுல கர்னலை எதுத்துப் பேசுறதுன்னா சும்மாவா.

மறுநாள் வெள்ளன ஆளுகளைக் கூட்டிக்கிட்டு ரோந்து போயிட்டாரு. அந்த நேரம் பாத்துக் கர்னலு போன் அடிக்கிறான். நான் எடுக்குறேன். சூபேதார், கல்லுக்கு வெள்ளையடிச்சாச்சாங்கிறான். இல்ல சாப், கமாண்டர் சாப் வேணாம்னு சொல்லியிருக்காருன்னேன். சொன்னேன் தாயி, சொல்லாம இல்ல. அதுக்கு அவன் கேக்குறான், உனக்குப் பென்சன் வேணுமா வேணாமான்னு. எனக்கு ரெண்டு வருசம்தான் பாக்கி. நான் என்ன செய்ய? கர்னலு சொல்லிட்டான்.

செஞ்சேன். செய்யிறதுன்னு வந்துட்டா நான் அரைகொறையாச் செய்ய மாட்டேன். ஓடையில இருந்து ஒரே அளவுக் கல்லாப் பொறுக்கியாரச் சொல்லி, கயிறு பிடிச்சு, வளைவுக்கு வளைவு நானே நின்னு அடுக்குனேன். ஒண்ணு மேல ஒண்ணா மூணு கை சுண்ணாம்பு. மேல இருந்து பாத்தா அந்தச் சரிவுல பாதை பளிச்சுனு எறங்கிப் போகும். பட்டாளத்துல அத்தனை வருசத்துல அம்புட்டு நேத்தியா ஒரு வேலை நான் பாத்ததில்ல. அதைச் சொல்லணும்ல. நீ வரையில நம்ம வாசல்ல பாத்திருப்ப, ரெண்டு பக்கமும் கல்லு, மாசம் ஒருக்கா நானே அடிக்கிறது. ஊருக்குள்ள எந்த வீட்டுலயும் இந்த ஒழுங்கைப் பாக்க முடியாது.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

பொழுது சாய உங்கப்பா ரோந்து முடிச்சுத் திரும்புனாரு. கீழயே நின்னுட்டாரு. மேல பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்கு ஒரு நிமிசம், வேலையைப் பாத்து அசந்துட்டாரோன்னு தோணுச்சு. மேல வந்து கேட்டாரு, யாரு சொன்னான்னு. கர்னல் சாப்புன்னேன். மூஞ்சி செவந்து போச்சு. என்னைய ஒண்ணும் வையல. அதுதான் உங்கப்பா. அண்ணாச்சி, இருட்டுறதுக்குள்ள ஒவ்வொரு கல்லையும் கவுத்து வச்சிருங்க, வெள்ளை அடியில போகட்டும், காலையில ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட பெறகு திருப்பிக்கிடலாம்னாரு. என்ன மூளை பாரு. கர்னல் பேச்சும் கெடாது, எதிரி கண்ணுலயும் படாது. அந்த யோசனை அங்க ஒரு பயலுக்கு வந்துச்சா? ஜெனரலுக்கு வந்துச்சா, பிரிகேடியருக்கு வந்துச்சா? அதைத்தான் நான் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறேன், அங்க இருந்ததுல மண்டைக்குள்ள ஏதாவது இருந்தது அந்த ஒரு மனுசனுக்குத்தான்னு.

கவுத்தோமாவா? ஈரச் சுண்ணாம்பு தாயி. மூணு கை அடிச்சது. கவுத்தா மண்ணு அப்பிக்கும். காலையில திருப்புனா வெள்ளையா இருக்காது, சேறு பூசுன மாதிரி இருக்கும். மறுபடி அடிக்க மூடையில சுண்ணாம்பு இல்ல. ஆளுகளும் விடிஞ்சதுல இருந்து குனிஞ்சு நிமிந்து ஓஞ்சு போயிட்டாங்க. நான் அவரு சொல்லைத் தட்டல. சரி சாப்புன்னு சல்யூட் அடிச்சேன். காயட்டும், காஞ்சதும் கவுத்துருவோம்னு இருந்தேன். அந்தக் குளுருல எங்கிட்டுக் காயும். அவருக்கும் ஜெனரலுக்குக் காட்ட மேப்பு வரையிற வேலையில திரும்ப வந்து பாக்க ஒழியல.

விடியக்கருக்கல்ல வந்தாய்ங்க.

நான் சமையல் கொட்டகையில ஜெனரலோட பக்கோடாவுக்கு மாவு பாத்துக்கிட்டு நின்னேன். முதல்ல சத்தமே இல்ல. கண்ணிவெடி ஒண்ணு வெடிச்சிருந்தாப் போதும், எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுக்குத்தான பொதைச்சு வச்சிருக்கோம். ஒண்ணுகூட வெடிக்கல. ஓடை வழியா வந்து, வெள்ளைக் கல்லு வரிசையைப் பிடிச்சு, ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி ஏறி வந்துட்டாய்ங்க. செத்ததுல பாதி ஆளுக எந்திரிக்கவே இல்ல, படுத்த எடத்துலயே போயிட்டாங்க. உங்கப்பா பனியனோட ஓடி வந்தாரு. மெஷின் கன் பையன் விழுந்து கெடந்தான், அவனை நகத்திட்டு இவரு பிடிச்சாரு. பாதையோட தலையில உக்காந்துக்கிட்டு விட்டாரு பாரு. அவரு பிடிச்ச நேரத்துலதான் நாங்க மிச்சப்பேரு கண்ணிவெடி பொதைக்காத பின்பக்கச் செங்குத்துப் பாறை வழியா எறங்கித் தப்பிச்சோம். எனக்குத் தோள்ல ஒரு குண்டு. இந்தா, தொட்டுப் பாரு, குழி இருக்கா? உதவிக்கு ஆளு வந்த பெறகு மேல ஏறி அவரை நான்தான் தூக்கிட்டு எறங்குனேன், இந்த ஒத்தத் தோள்ல. வேற யாரையும் தொட விடல.

அழுதுக்க. நல்லா அழுதுக்க. செவந்தி, தண்ணி கொண்டா.

பெறகு விசாரணைன்னு வச்சாய்ங்க. அங்கதான் தாயி எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஜெனரலு சொன்னாரு, பிரிகேடியரு எனக்குச் சொல்லலன்னு. பிரிகேடியரு சொன்னாரு, உளவு மேஜரு எழுதுனது தெளிவா இல்லன்னு. மேஜரு சொன்னான், மூடுபனி, ஒண்ணும் தெரியலன்னு. கர்னலு சொன்னான், போஸ்ட்டுக்குப் பொறுப்பு போஸ்ட் கமாண்டர்னு. இம்புட்டுப் பெரிய பெரிய ஆளுக, தோள்ல நட்சத்திரமும் வாளுமா மாட்டிக்கிட்டு, தப்பை ஒருத்தன் தலையில இருந்து ஒருத்தன் தலைக்கு எறக்கிக்கிட்டே வந்தாய்ங்க. கடைசியில எங்க வந்து நின்னுச்சு? பேச முடியாத ஒருத்தர் தலையில. ஆமா, என் தப்புதான்னு அம்புட்டுப் பேருல ஒருத்தன் வாயைத் தொறந்து சொன்னானா? ஒருத்தன். ஒரே ஒருத்தன் சொல்லியிருந்தா நான் இந்த டிவியைப் பாத்துக் கத்த வேண்டியது இல்ல.

என்னைய கூப்பிட்டாய்ங்க, கூப்பிடாம என்ன. தோள்ல போட்ட கட்டோட போயி நின்னேன். கேள்வி கேட்டாய்ங்க. பாதைக்கு வெள்ளையடிச்சது யாருன்னு. நானும் என் ஆளுகளும்னேன். யாரு உத்தரவுன்னு கேட்டாய்ங்க. கம்பெனி கமாண்டர் உத்தரவுன்னேன்.

என்ன அப்படிப் பாக்குற? பட்டாளத்துல அதுதான் பதில். எனக்கு மேல கம்பெனி கமாண்டர். உத்தரவு அவரு வழியாத்தான் எனக்கு வரும். கர்னலு நேராச் சூபேதாருக்கு உத்தரவு குடுத்தான், சூபேதாரு வாங்கிக்கிட்டான்னு சொன்னா அது ஒழுங்கு மீறுனதாயிரும். ரெண்டு பேருக்கும் சிக்கல். கர்னலு அங்கதான் உக்காந்திருக்கான், என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். நான் மொறைப்படி சொன்னேன். கர்னலுக்கு மனச்சாட்சி இருந்தா எந்திரிச்சு, இல்ல, நான்தான் போன் பண்ணேன்னு சொல்லியிருக்கணும். சொன்னானா? கல்லாட்டம் உக்காந்திருந்தான். அதான் தாயி துரோகம். அதை இன்னைக்கும் மன்னிக்க முடியல.

என்ன?

உங்கப்பா கவுக்கச் சொன்னதை அங்க சொன்னீங்களான்னா கேக்குற?

அவங்க கேக்கலியே தாயி. கேட்டதுக்குத்தான் பதில் சொல்லலாம், கூடுதலா ஒரு வார்த்தை பேசக் கூடாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

இல்ல, இரு. இப்ப வந்து சொல்லுங்கன்னா எப்படி? அதைச் சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு யோசிச்சியா? பெறகு ஏன் கவுக்கலன்னு வரும். ஈரச் சுண்ணாம்புன்னு நான் அந்தக் கோர்ட்டுல நின்னு சொல்லணுமா? சிரிக்க மாட்டாய்ங்க? இம்புட்டுப் பெரிய தப்புப் பண்ணவன் அம்புட்டுப் பேரையும் விட்டுட்டு, ஒரு சூபேதாரைப் பிடிச்சுக்கிருவாய்ங்க. இந்த மீசைக்காரன் டிவியில உக்காந்து அதையும் பேசுவான். அதுக்கா நீ கேசு போட்ட?

உங்கம்மாவுக்குக் கதவைச் சாத்துச்சே ஒரு தாய்க்காரி, அது நம்ம பக்கத்து ஊருதான். உனக்குத் தெரியாதுல்ல. வருசா வருசம் அந்தப் பையன் நெனவு நாளைக்கு நான்தான் போயி கொடி ஏத்துறேன். அந்தம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கம்பத்துக்கிட்ட வரும். எம்பிள்ளை கூட நின்ன மனுசன் நீ ஒருத்தன்தான்யான்னு சொல்லும். அதுக்கு நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு.

எந்திரிக்காத. உக்காரு. கோவிச்சுக்கிட்டுப் போற விசயமா இது. நான் வர மாட்டேன்னு சொல்லலியே. வர்றேன். யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டு, மெடலைக் குத்திக்கிட்டு வர்றேன். ஜெனரலைச் சொல்றேன். பிரிகேடியரு அந்தத் தகவலை ஓரமா வச்சதைச் சொல்றேன். கர்னலு போன் அடிச்சதைச் சொல்றேன், பென்சனைக் காட்டி மெரட்டுனதைச் சொல்றேன், இனிமே என்னைய என்ன பண்ணிருவான். உங்கப்பா எப்படிச் செத்தாருன்னு சொல்றேன், அதைக் கேட்டா அந்த ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாரு. கல்லுல அவரு பேரு வரும். வராம எங்க போகும்.

கவுக்கச் சொன்னாரே, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேக்க வேணாம்னு உங்க வக்கீல்கிட்டச் சொல்லிரு.